வெளிக்கிட்டோமா, வெளிக்கிட்டுக்கொண்டிருந்தோமா?

‘ஷெல் விழுந்தபோது வீட்டைவிட்டு வெளிக்கிட்டோம்.’ ‘ஷெல் விழுந்தபோது வெளிக்கிட்டுக்கொண்டிருந்தோம்.’ முதலாவதில் ஷெல்தான் காரணம். அது விழுந்தது, பிறகு சனம் கிளம்பியது. இரண்டாவதில் மூட்டை முடிச்செல்லாம் முன்னமே கட்டியாகிவிட்டது. போவதென்ற முடிவு ஷெல்லுக்கு முந்தியது. ஆங்கிலத்தில் முதலாவது ‘வீ லெஃப்ற்’, இரண்டாவது ‘வீ வேர் லீவிங்’. 1990, 91 காலத்தில் போரால் யாழ்ப்பாணத் தீவகத்தின் வேலணையும் அதைச் சூழ்ந்த ஊர்களும் வெறுமையாகி, அந்தச் சனம் பிறகு லண்டன், ரொறன்ரோ என்று போய் அகதி விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது, மொழிபெயர்ப்பவர் இந்த இரண்டில் எதைத் தெரிந்தெடுத்தார் என்பது சின்ன விஷயமாக இருந்திருக்காது. விசாரிக்கிற அதிகாரியின் வேலையே ஒரு வாக்குமூலத்தை இன்னொன்றுடன் ஒத்துப்பார்த்து முரண் தேடுவதுதான். முதல் தாளில் ‘லெஃப்ற்’ என்றும் இரண்டாம் தாளில் ‘வேர் லீவிங்’ என்றும் இருந்தால் அவர் பேனையை எடுப்பார்.

பள்ளிக்கூடத்தில் இது கீறிட்ட இடம் நிரப்பும் கேள்வி. மூன்றாம் தரத்திலிருந்து ஆங்கிலம் பாடமாகிறது. சாதாரண தரப் பரீட்சை எழுதும் வரைக்கும் சிம்பிள் பாஸ்றும் பாஸ்ற் கன்ரினியூவஸும் பிள்ளையை விடுவதில்லை. ரியூசன் வகுப்புகளில் பாடமாக்கக் கொடுக்கும் சூத்திரம் ஏறத்தாழ ஒன்றே: சின்னச் செயலுக்குச் சிம்பிள் பாஸ்ற், நீண்ட செயலுக்குக் கன்ரினியூவஸ், ‘வென்’ வந்தால் அது, ‘வைல்’ வந்தால் இது. சூத்திரம் புள்ளி எடுத்துத் தரும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது பிழை. ஏனென்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம்.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து 1795 வரை ஆண்டார்கள். நூற்றுமுப்பத்தேழு வருட ஆட்சி. அதைச் சொல்ல ஆங்கிலத்துக்கு ‘ரூல்ட்’ என்ற ஒற்றைச் சொல் போதும். அதே ஆங்கிலம், இரண்டு நிமிடம் விடாமல் தும்மிய ஒருவனைப் பற்றி ‘வோஸ் ஸ்னீஸிங்’ என்கிறது. நேரத்தின் நீளம்தான் அளவுகோல் என்றால் இது நேரெதிராக அல்லவா இருக்கவேண்டும்?

அளவுகோல் வேறு. டென்மார்க் நாட்டு இலக்கணகாரர் ஒற்றோ ஜெஸ்பெர்சன், தொடர்வினை, அதாவது கன்ரினியூவஸ், ஒரு சட்டகம் என்றார்: ஒரு செயல் சட்டம்போலச் சுற்றி நிற்க, இன்னொரு செயலோ ஒரு கணமோ அதற்குள் வந்து விழுகிறது. மொழியியலாளர் பேர்னாட் கொம்றி 1976இல் வெளியிட்ட சிறிய நூலில் இதை இன்னும் பொதுவாக்கினார். செயலை வெளியே நின்று தொடக்கமும் முடிவும் சேர்ந்த முழுப்பொருளாகப் பார்ப்பது ஒன்று. அதற்குள்ளே நின்று, முடிவு கண்ணில் படாமல் பார்ப்பது மற்றது. பார்க்கிறவன் எங்கே நிற்கிறான் என்பதுதான் கேள்வி. செயல் எத்தனை மணித்தியாலம் என்பதல்ல. ஒல்லாந்த ஆட்சியை இன்றைக்கு நாம் வெளியே நின்று பார்க்கிறோம், ஆகவே ‘ரூல்ட்’. அந்த ஆட்சிக்குள் நடந்த ஒன்றைச் சொல்லப் புகுந்தால் ‘வேர் ரூலிங்’ தானாக வாயில் வரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லவேண்டும். இரண்டு வடிவங்களும் சமமான சோடி அல்ல. சிம்பிள் பாஸ்ற் ஆங்கிலத்தின் வழமையான இறந்தகாலம். நிகழ்ச்சி, பழக்கம், நிலை எல்லாவற்றையும் அது சுமக்கும். தொடர்வினை ஒரு காரணம் இருக்கும்போது மட்டும் எடுக்கிற கருவி. ஆகவே ‘இரண்டில் எது?’ என்று ஒவ்வொரு வினையிலும் தடுமாறுவதைவிட, ‘தொடர்வினை போட எனக்கு என்ன காரணம்?’ என்று கேட்பது நல்லது. காரணம் இல்லையென்றால் சிம்பிள் பாஸ்ற்.

தமிழில் இந்த வேறுபாடு இல்லை, அதனால்தான் எங்கள் பிள்ளைகள் திணறுகிறார்கள் என்று சொல்வோர் உண்டு. மரபிலக்கணத்தை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றலாம். தொல்காப்பியம் காலம் மூன்று என்றது. நன்னூல் த், ட், ற், இன் என்று இறந்தகால இடைநிலைகளைக் கணக்கிட்டது. ‘வந்துகொண்டிருந்தான்’ என்பதற்கென்று அந்த நூல்களில் தனி அதிகாரம் இல்லை. ஆனால் மொழியில் அது இருக்கிறது. துணைவினைகளைப் பற்றி எழுதிய இக்கால மொழியியலாளர் அதை விரிவாகவே பேசியிருக்கிறார்கள். குறிகாட்டுவான் துறையில் நிற்கும் எவருக்கும் ‘நயினாதீவு வள்ளம் வந்தது’ என்பதற்கும் ‘வந்துகொண்டிருந்தது’ என்பதற்கும் வித்தியாசம் தெரியும். முதலாவதில் ஏறலாம். இரண்டாவதில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். ‘அவன் தண்ணீரில் தாண்டான்’ என்றால் ஆள் போய்விட்டான்; ‘தாண்டுகொண்டிருந்தான்’ என்றால் இன்னும் ஓடிப்போய்த் தூக்கலாம். ‘சாட்டியில் கிணறு வெட்டினார்கள்’ என்றால் கிணறு இருக்கிறது. ‘வெட்டிக்கொண்டிருந்தார்கள்’ என்றால் தண்ணீரைக் கண்டார்களா என்று யாரும் சொல்லவில்லை. இந்த மூன்று இடத்திலும் ஆங்கிலமும் தமிழும் ஒரே இடத்தில் கோடு போடுகின்றன. தத்துவவியலாளர் சென்னோ வெண்ட்லர் 1957இல் வினைகளை நான்கு வகையாகப் பிரித்து, முடிவெல்லை உள்ள வினைகளை எல்லை இல்லாதவற்றிலிருந்து பிரித்துக் காட்டியது இதைத்தான். வேலணைக்காரர் அந்தக் கட்டுரையைப் படிக்காமலே அறிந்த விஷயம்.

அப்படியானால் பிழை எங்கே வருகிறது? இரண்டு மொழிகளின் கோடுகளும் பொருந்தாத இடங்களில் வருகிறது. அந்த இடங்கள் சிலதான். ஆனால் ஒவ்வொன்றும் ஆழமான குழி.

முதற்குழி பழக்கம். ‘முந்தி நாங்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வண்டிலிலை போறனாங்கள்’ என்று ஊரில் வயதானவர்கள் சொல்வார்கள். ‘போறனாங்கள்’ என்பது நிகழ்கால அடியில் பிறந்த சொல். ஆனால் பேசுவது கடந்துபோன காலத்துப் பழக்கத்தை. எழுத்துத் தமிழில் அதையே ‘வண்டிலில் போவோம்’ என்கிறோம். அது எதிர்கால வடிவம். ‘அந்தக் காலத்தில் வண்டிலில் போய்க்கொண்டிருந்தோம்’ என்றும் எழுதுகிறோம். அது தொடர்வினை வடிவம். ஆக, பழைய பழக்கம் ஒன்றைச் சொல்லத் தமிழுக்கு மூன்று வழி உண்டு, மூன்றிலும் வெறும் இறந்தகாலம் இல்லை. ஆங்கிலத்திலோ இதற்கு முதல் வழி வெறும் இறந்தகாலமே: ‘வீ வென்ற்’. அல்லது ‘யூஸ்ட் ரூ’. பிள்ளை ‘போய்க்கொண்டிருந்தோம்’ என்று மனதில் நினைத்து ‘வீ வேர் கோயிங்’ என்று எழுதுகிறது. கேட்கிற ஆங்கிலேயருக்குப் பாதி வழியில் நிற்கிற வண்டில்தான் தெரியும். வண்டிலுக்கு என்ன நடந்தது என்று அடுத்த வசனத்துக்குக் காத்திருப்பார். எங்கள் பக்கத்து ஆங்கிலத்தில் மிக அதிகமாகக் காணும் பிழை இதுவென்பது என் எண்ணம். ஆனால் பாடப்புத்தகப் பயிற்சிகளில் இதைப் பிடித்து அடிப்பவை குறைவு. அவை பெரும்பாலும் குளித்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடிப்பதையே திரும்பத் திரும்பக் கேட்கின்றன.

‘போறனாங்கள்’ என்ற வடிவம் ஒரு வரம். யாழ்ப்பாணப் பேச்சில் ‘போனனாங்கள்’ நடந்து முடிந்த செயலுக்கு, ‘போறனாங்கள்’ பழக்கத்துக்கு, ‘போய்க்கொண்டிருந்தனாங்கள்’ நடுவழிக்கு. மூன்றும் பிரிந்து கிடக்கின்றன. ‘போறனாங்கள்’ என்று வாய்க்கு வருகிற இடத்தில் ஒருபோதும் ‘வேர் கோயிங்’ போடாதே என்று ஒரு பிள்ளைக்குச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். எழுத்துத் தமிழை நடுவில் வைத்து விளக்கப் போனால்தான் சிக்கல். பேராசிரியர் சுசீந்திரராஜா போன்றவர்கள் யாழ்ப்பாணப் பேச்சை ஒழுங்கான இலக்கணம் உள்ள மொழியாகவே ஆராய்ந்தார்கள். அந்த அறிவு ஆங்கில வகுப்புக்குள் போய்ச்சேரவில்லை. அங்கே பேச்சுத் தமிழ் இன்னும் வாசலுக்கு வெளியே நிற்கிறது.

இரண்டாவது இடத்தில் எங்கள் பேச்சு ஆங்கிலத்துக்கு இன்னும் கிட்ட வருகிறது. ‘வேலணையிலை இருந்தனாங்கள்’ என்பதற்கும் ‘சாவகச்சேரியிலை நிண்டனாங்கள்’ என்பதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். இருப்பது குடியிருப்பது, நிற்பது தற்காலிகம். கொழும்பில் ‘இருக்கிறன்’ என்பவருக்கு அங்கே வீடு உண்டு. ‘நிக்கிறன்’ என்பவர் நாளைக்கோ அடுத்த கிழமையோ பஸ் ஏறுவார். தமிழ்நாட்டு நண்பரிடம் ‘வீட்டிலைதான் நிக்கிறன்’ என்று சொன்னால், ஏன் உட்காரவில்லை என்று அவர் பரிதாபப்படுவார். ஆங்கிலம் இதே வேறுபாட்டைத் தன் இரண்டு வடிவங்களால் செய்கிறது. நிலையாக வாழ்ந்ததற்கு ‘லிவ்ட்’, தற்காலிகமாகத் தங்கியதற்கு ‘வேர் லிவிங்’ அல்லது ‘வேர் ஸ்ரேயிங்’. தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து யாழ்ப்பாண நகரப்பக்கம் வந்து, 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் கிளம்பியபோது மறுபடி தென்மராட்சிக்கு ஓடிய குடும்பம் ஒன்று, தன் கதையை ஆங்கிலத்தில் சொல்லும்போது ஒவ்வோர் ஊருக்கும் ஒரு முடிவு எடுக்கவேண்டும்: அங்கே வாழ்ந்தோமா, நின்றோமா? எழுத்துத் தமிழின் ‘இருந்தோம்’ இந்த முடிவைக் கேட்பதில்லை. பேச்சுத் தமிழ் கேட்கிறது.

ஆங்கிலத்தின் தற்காலிகப் பொருள் பழக்கத்துக்குள்ளும் நுழையும் என்பதால் மேலே சொன்ன விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ‘அந்த மாதம் முழுக்கச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனேன், பஸ் ஓடவில்லை’ என்ற இடத்தில் ‘வோஸ் கோயிங்’ சரிதான். சில நாளுக்கு மட்டும் இருந்த ஏற்பாடு அது.

மூன்றாவது குழி ‘இரு’ என்ற துணைவினை. இதில் விழாதவர் இல்லை. ‘அவர் தோட்டம் வைத்திருந்தார்’ என்பதை ‘வோஸ் ஹேவிங்’ என்று எழுதுகிறோம். ‘கொண்டிருந்தார்’ என்பதன் வாலும் ‘வைத்திருந்தார்’ என்பதன் வாலும் ஒன்றாய் ஒலிப்பதால் வரும் மயக்கம். ஆங்கிலத்துக்கு உடைமை ஒரு நிலை. நிலைக்கு நடுவழி கிடையாது. ஆகவே ‘ஹேட்’. அறிந்திருந்தார், நம்பியிருந்தார் என்பவையும் இந்தக் கணக்கில் சேரும். இத்தோடு முடிந்தால் பரவாயில்லை. ‘திண்ணையில் குந்தியிருந்தார்’ என்பதும் அதே வால்தான். ஆனால் ஆங்கிலம் இப்போது ‘வோஸ் சிற்றிங்’ என்று தொடர்வினை கேட்கிறது. ‘வெள்ளைச் சேட் போட்டிருந்தார்’: ‘வோஸ் வெயாரிங்’. ‘படுத்திருந்தார்’ என்பதும் அப்படியே. பிறகு ‘காணி வாங்கியிருந்தார்’ என்று வந்தால் இரண்டுமல்ல, ‘ஹேட் போற்’ என்ற மூன்றாவது. ஒரே ‘இருந்தார்’ ஆங்கிலத்தில் மூன்று வாசலால் வெளியேறுகிறது. உடம்பு எப்படிக் கிடந்தது, என்ன உடுத்தியிருந்தது என்பவற்றுக்குத் தொடர்வினை. மனதிலோ கையிலோ இருந்ததற்குச் சிம்பிள் பாஸ்ற். அதற்கு முன்னரே முடிந்துவிட்டதற்கு மூன்றாவது. இப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பிழை குறையும் என்று நம்புகிறேன்.

‘வென்’, ‘வைல்’ பற்றிய சூத்திரத்தைப் பார்ப்போம். எங்கள் பேச்சில் ‘வரேக்கை’ என்ற சொல் காலம் காட்டாது. ‘பண்ணைப் பாலத்தாலை வரேக்கை மழை பிடிச்சிட்டுது’ என்றால் வருவது நடுவழி. ஆங்கிலத்தில் ‘வோஸ் கமிங்’. ‘நான் வரேக்கை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்’ என்றால் வருவது முடிந்த செயல். நான் வந்து வாசலில் நிற்கிறேன், அவர்தான் நடுவில். ஆங்கிலத்தில் ‘வென் ஐ கேம்’. ஒரே சொல், ஆனால் எது சட்டம், எது அதற்குள் விழுந்தது என்பதை முழு வசனம்தான் சொல்கிறது. ‘வென்’னைக் கண்டதும் சிம்பிள் பாஸ்ற் போடப் பழகிய பிள்ளை மழையில் நனைந்த வசனத்தைப் பிழையாக எழுதிவிடும். இரண்டு செயலும் அடுத்தடுத்து நடந்தால் இரண்டும் சிம்பிள் பாஸ்ற். இரண்டும் கூடவே ஓடினால் இரண்டும் தொடர்வினையாகலாம். இணைப்புச் சொல்லைப் பார்த்து வினையைத் தெரிவது தலைகீழ் வேலை.

இதுவரை வசனம் வசனமாகப் பார்த்தோம். இலக்கண நூல்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. உண்மையான தெரிவு நடப்பதோ ஒரு பந்தி எழுதும்போது. ஜேர்மானிய அறிஞர் ஹரால்ட் வைன்றிஹ் 1964இல், பிறகு 1979இல் போல் ஹொப்பர், கதைசொல்லலில் வினைவடிவங்கள் முன்களம், பின்களம் என்று பிரிந்து நிற்பதை எடுத்துக்காட்டினார்கள். சிம்பிள் பாஸ்ற் வினைகளை மட்டும் பொறுக்கி எடுத்து வரிசையாக வைத்தால் கதையின் முதுகெலும்பு கிடைக்கும். தொடர்வினைகள் கதையை நகர்த்துவதில்லை; வெளிச்சம், காற்று, அங்கே நின்ற ஆட்கள் என்று பின்களத்தைக் காட்டும். ஒரு சிறு துண்டைப் பாருங்கள்: இருட்டிக்கொண்டிருந்தது, இரண்டுபேர் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், வள்ளம் தட்டியது, ஒருவன் குதித்தான், மற்றவன் கத்தினான். முதல் இரண்டையும் இடம் மாற்றி வைத்தாலும் ஒன்றும் கெடாது. கடைசி மூன்றை மாற்றினால் கதையே வேறு. கத்தியதால்தான் குதித்தானோ என்றாகிவிடும். ஒன்றன்பின் ஒன்றாக வரும் சிம்பிள் பாஸ்ற், சொல்லாமலே ‘பிறகு’ என்று சொல்கிறது. தொடர்வினை ‘அந்நேரம்’ என்கிறது. தமிழும் இதையே செய்கிறது என்பதால், நல்ல தமிழ்க் கதை எழுதத் தெரிந்த மாணவனுக்கு இது புதிதல்ல.

இந்தத் தளத்தில் சரி, பிழை என்பதைவிடச் சொல்கிறவர் விருப்பமே பெரிது. ‘நேற்று உங்கள் அப்பாவோடு கதைத்தேன்’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஐ ரோக்ட்’ என்றும் சொல்லலாம், ‘ஐ வோஸ் ரோக்கிங்’ என்றும் சொல்லலாம். நடந்தது ஒன்றே. இரண்டாவது சற்றுச் சாவகாசமாக ஒலிக்கும். கதைத்ததன் முடிவு முக்கியமில்லை, அதில் வந்த ஒரு விஷயத்தைச் சொல்லப்போகிறேன் என்ற தொனி அதில் உண்டு. உதவி கேட்கும் ஆங்கிலேயர் ‘ஐ வோஸ் வொண்டரிங்’ என்று தொடங்குவதும் இப்படித்தான். யோசனை இன்னும் முடியவில்லை, நீங்கள் மறுக்க இடமிருக்கிறது என்ற மரியாதை. இதையெல்லாம் பல்தெரிவு வினாவாக்கி ஒரு விடையைத்தான் சரியென்று போடுவது அநியாயம்.

கற்போர் இவற்றை எந்த வரிசையில் பிடிக்கிறார்கள் என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். றோஜர் அண்டர்சன், யசுஹிரோ ஷிராய் முதலியோர் முன்வைத்த கருதுகோளின்படி, பல மொழிக்காரரும் இறந்தகால விகுதியை முதலில் விழுந்தான், உடைத்தான் போன்ற முடிவுள்ள வினைகளில் போடுகிறார்கள். ‘இங்’கை முதலில் ஓடு, நட போன்ற வினைகளில் போடுகிறார்கள். பிறகே எல்லை கடக்கிறார்கள். வகுப்பறைக்கு இதிலிருந்து ஒன்று கிடைக்கிறது: பயிற்சியில் ‘ஓடிக்கொண்டிருந்தான்’ மட்டும் கொடுத்தால் பிள்ளை ஏற்கெனவே தெரிந்ததையே செய்கிறது. ‘ஓடினான்’ என்று மட்டுமே வரக்கூடிய இடங்களையும் கொடுக்கவேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட நூலில், போர்க்காலத்தில் அங்கே வெளிநாட்டுப் பாடநூலொன்றை வைத்துப் படித்த மாணவர்கள் அதன் ஓரங்களில் என்னென்ன கிறுக்கினார்கள் என்றுகூட ஆராய்ந்தார். உரையாடல், விளையாட்டு என்று வந்த புதிய முறைகளைவிட அவர்கள் இலக்கணத்தையே கேட்டார்கள். அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட என்னால் முடியாது. புத்தகத்தில் வரும் அந்நிய நகர வாழ்க்கை அவர்களுக்குப் பயன்படாது. வினைவடிவம் கையில் எடுத்துப்போகக்கூடியது. ஆனால் கேட்ட இலக்கணம் மேலே சொன்ன சூத்திர வடிவிலேயே கிடைத்தால் அதுவும் பயன்படாது.

‘வோஸ் ஹேவிங்’, ‘வோஸ் நோயிங்’ என்பவை உண்மையில் பிழையா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் தொடர்வினையை நிலைவினைகளுக்கும் நீட்டிப் பேசுகிறது. இந்தியக் கவிஞர் நிஸிம் எசக்கியேல் அதை வைத்து ஒரு நையாண்டிக் கவிதையே எழுதினார். பிரஜ் கச்ரு போன்ற மொழியியலாளர்கள் இத்தகைய இயல்புகளைத் திரிபு என்றல்ல, இன்னொரு ஆங்கிலம் என்று பார்க்கச் சொன்னார்கள். ஆங்கிலேயரின் தொடர்வினையும் என்றும் ஒரே இடத்தில் நின்றதல்ல. அமெரிக்க மிஷனரிகள் 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கிய நாட்களில், ‘வீடு கட்டப்பட்டுக்கொண்டிருந்தது’ என்பதை ‘த ஹவுஸ் வோஸ் பில்டிங்’ என்பதே கற்றோர் வழக்கு. ‘வோஸ் பீயிங் பில்ற்’ அப்போது புதுவரவு. 1870இல்கூட ரிச்சர்ட் கிரான்ற் வைற் என்ற அமெரிக்கர் அந்த அமைப்பைத் திட்டி எழுதினார். இன்றைக்கு அதுதான் பாடப்புத்தகம்.

ஆகவே கடைத்தெருவில் ‘ஐ வோஸ் ஹேவிங்’ என்ற ஒருவரைத் திருத்தப் போவது வீண் வேலை, கேட்டவருக்கு விளங்கிவிட்டது. பரீட்சைத் தாளில் ‘ஹேட்’ எழுதுங்கள், திருத்துபவர் அதைத்தான் தேடுவார். ‘வேர் கோயிங்’ விஷயத்தில் மட்டும் இந்தத் தாராளம் எனக்கு இல்லை. ‘வோஸ் ஹேவிங்’ காதுக்கு வித்தியாசமாக ஒலிக்கும், பொருள் மாறாது. போய்வந்த ஒரு பழக்கத்தை ‘வேர் கோயிங்’ என்று சொன்னால் கேட்பவர் வேறொரு நிகழ்ச்சியை விளங்கிக்கொள்கிறார். பொலிஸில் ‘அவர் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்’ என்று ஆங்கிலத்தில் முறைப்பாடு சொல்லும்போது, அவர் முந்தி அடிக்கடி வருகிறவரா, அன்றைக்கு வழியில் வந்துகொண்டிருந்தவரா என்று எழுதுகிறவர் திரும்பக் கேட்டால்தான் உண்டு.